காற்று தொடாத சாம்பல்

"என் எழுத்து மட்டும் ஏன் நிற்பதில்லை?"

ஆர்க்கியாஸ் கோடரியைக் கட்டையில் இறக்கிவிட்டுக் கேட்டான்.

மெனிப்பே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"பதினோரு வருஷம்," என்றான். "ஊரில் எல்லோருடைய எழுத்தும் நிற்கிறது. ஆடு மேய்க்கிறவன் கிறுக்கியதுகூட நிற்கிறது. என்னுடையது மட்டும் ஒவ்வொரு வருஷமும் போய்விடுகிறது. கடவுளுக்கு என்மேல் என்ன கோபம்?"

"முதலில் அந்தக் கட்டையைப் பிளந்து போடும்," என்றாள்.

*

ஒலிம்பஸ் மலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

கிரேக்க நாட்டில் அதைவிட உயர்ந்த மலை இல்லை. கடவுளர் குடியிருப்பது அங்கேதான் என்று அந்த மக்கள் நம்பினார்கள். உச்சியில் அவர்களுடைய அரசன் ஜீயஸுக்கு ஒரு பலிபீடம் இருந்தது.

பீடம் என்றால் கல்லால் கட்டியது இல்லை. வெறும் சாம்பல். தலைமுறை தலைமுறையாக ஆட்டுத் தொடையையும் கொழுப்பையும் எரித்து எரித்து, சாம்பலே ஒரு மேடாகிவிட்டது.

வருஷத்துக்கு ஒரு நாள், நடுக்கோடையில், அடிவாரத்து மக்கள் மேலே ஏறுவார்கள். பலி கொடுப்பார்கள். பிறகு ஆளுக்கு ஒரே ஒரு சொல்லைச் சாம்பலில் விரலால் எழுதுவார்கள். எழுதத் தெரியாதவர்கள் ஒரு படம் போடுவார்கள்.

அடுத்த வருஷம் ஏறிப் பார்த்தால் அது அப்படியே இருக்கும்.

அந்த உச்சியில் அடிக்கும் காற்று ஆளைத் தள்ளிவிடும். ஆனால் பீடத்துச் சாம்பலை மட்டும் அது தொடாது. இதுதான் அந்த மலையின் பெருமை. நம்பாமல் ஏறியவர்கள் எல்லாம் வாயைப் பிளந்துகொண்டு இறங்கிப் போயிருக்கிறார்கள்.

மெனிப்பேதான் சாம்பல் காவலாளி. அவளுக்கு முன்பு அவள் அப்பா. அவருக்கு முன்பு அவருடைய அத்தை.

ஆர்க்கியாஸ் அவளுடைய சீடன். அவளைவிட ஒன்பது வயது மூத்தவன். நரைத்த தாடியோடு பாடம் படிக்க வந்திருக்கிறான் என்று ஊரில் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டான். அவனுக்கு அதைவிடப் பெரிய கவலை இருந்தது.

*

அந்தக் கவலையை அவன் யாரிடமும் சொன்னதில்லை. நான் உங்களிடம் சொல்கிறேன்.

இருபத்து நான்கு வருஷங்களுக்கு முன்பு ஒரு போர். வீரர்கள் தோளோடு தோள் உரசி நிற்பார்கள். கேடயம் இடக்கையில் இருக்கும். அதில் பாதிதான் தனக்கு. மறுபாதி இடப்பக்கம் நிற்பவனுடைய உடம்பை மறைக்கும்.

ஆர்க்கியாஸுக்கு இடப்பக்கம் நின்றவன் பெயர் நிக்கேரத்தோஸ்.

எதிரி நெருங்கியபோது ஆர்க்கியாஸ் கேடயத்தை எறிந்துவிட்டு ஓடினான். நிக்கேரத்தோஸ் ஓடவில்லை. அவனை மறைக்கவும் எதுவும் இல்லை.

அந்தப் பெயரைத்தான் ஆர்க்கியாஸ் வருஷா வருஷம் சாம்பலில் எழுதினான். எல்லோரும் இறங்கிய பிறகு, மறுபடி தனியாக மேலே ஏறி, பின்னால் யாரும் இல்லை என்று திரும்பிப் பார்த்துக்கொண்டு எழுதினான். ஒரே ஒரு வருஷம் அந்தப் பெயர் நின்றுவிட்டால் போதும் என்று ஏங்கினான்.

அடுத்த வருஷம் ஏறும்போது அந்த இடம் வெறுமையாக இருக்கும். பதினோரு தடவை ஏறினான். பதினோரு தடவையும் அப்படித்தான்.

*

"நீங்கள் எனக்கு எதையுமே கற்றுத்தரவில்லை," என்றான் அன்று. மனத்தில் இருந்தது வெளியே வந்துவிட்டது.

"ஓஹோ," என்றாள் மெனிப்பே.

"விறகு வெட்டினேன். தண்ணீர் சுமந்தேன். திருவிழா அன்று பாதையோரப் பாறையில் உட்கார்ந்து, இறங்கி வருகிறவர்களுக்குத் தேன் தண்ணீர் மொண்டு கொடுத்தேன்."

"கொடுத்துவிட்டு?"

"'என்ன எழுதினீர்கள்? எப்படி எழுதினீர்கள்? பக்கத்தில் யார் நின்றார்கள்?' என்று கேட்டேன். நீங்கள் கேட்கச் சொன்னீர்கள், கேட்டேன். அதற்கப்புறம் வருஷம் முழுக்க அதையே என்னிடம் கேட்டு உயிரை வாங்குகிறீர்கள். ஊர் வம்பு எதற்கு நமக்கு?"

"தோல் பதனிடுகிற திராக்கோன்?" என்றாள் திடீரென்று.

"'மழை'. எழுத்தெல்லாம் இடப்பக்கம் சாயும்."

"அவருக்கு இடப்பக்கம்?"

"சுண்ணாம்புக்காரி மிர்த்தோ. 'மகள்'. கடைசி எழுத்துக்கு இடம் போதாமல் கீழே எழுதினாள்."

"அவளுக்கு இடப்பக்கம்?"

"ஆட்டுக்கார கொரிஸ்கோஸ். ஒரு சக்கரம். உள்ளே ஐந்து ஆரக்கால். பாருங்கள், இதைத்தான் சொல்கிறேன்! இதையெல்லாம் வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?"

மெனிப்பே உரித்த வெங்காயத்தைப் பானையில் போட்டாள்.

"ஆறாவது ஆரம் போட இடம் இருந்ததா?"

"இருந்தது. அவன்தான் போடவில்லை," என்று சொல்லிவிட்டு ஆர்க்கியாஸ் தலையில் கை வைத்துக்கொண்டான்.

*

மறுநாள் காலை கோவேறு கழுதை வழுக்கியது. கூடவே மெனிப்பேயும் விழுந்தாள். கணுக்கால் உடைந்துவிட்டது.

திருவிழாவுக்கு இரண்டு நாள் இருந்தது. ஒவ்வொரு வருஷமும் இந்தச் சமயத்தில் அவள் தனியாக உச்சிக்குப் போவாள். பாதையைச் சரிபார்க்க என்று சொல்வாள். கடைசிப் பைன் மரத்தைத் தாண்டிக் காவலாளியைத் தவிர வேறு யாரும் திருவிழாவுக்கு முன் ஏறக் கூடாது. சீடனும் ஏறக் கூடாது.

காலைக் கட்டிவிட்ட ஆர்க்கியாஸின் கையை அவள் பிடித்துக்கொண்டாள்.

"நீர் போம்."

"நானா? மரத்தைத் தாண்டியா?"

"தாண்டித்தான்."

"போய் என்ன செய்ய வேண்டும்?"

"செய்ய வேண்டியதை."

"என்ன அம்மா அது?"

"போனால் தெரியும். போகவில்லையென்றால் நான் சொன்னாலும் தெரியாது. கிளம்பும்."

வலியில் அவள் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். அதற்கு மேல் கேட்க அவனுக்கு மனம் வரவில்லை.

*

மறுநாள் விடியலில் மரம் தாண்டியதும் காற்று பிடித்துக்கொண்டது.

ஐம்பத்து நான்கு வயதுக்காரன், முழங்கால் வேறு மக்கர் செய்யும். நடந்தான். பிறகு குனிந்து நடந்தான். கடைசிச் சரிவில் கையை ஊன்றித் தவழ்ந்தான்.

உச்சிக்கு வந்து தலையைத் தூக்கிப் பார்த்தான்.

சாம்பல் பறந்துகொண்டிருந்தது.

பீடத்தின் ஒரு மூலை காற்றில் கரைந்து சரிந்திருந்தது. மீதி, பனி உருகி இறங்கிய ஈரத்தில் இறுகி மழமழவென்று கிடந்தது. அதில் ஒரு கோடுகூட இல்லை.

மழை இல்லை. மகள் இல்லை. சக்கரம் இல்லை.

ஆர்க்கியாஸுக்கு முதலில் வந்தது சிரிப்பு. இதை ஒளிப்பானேன்? போனது என்னுடையது மட்டும் இல்லை, எல்லோருடையதும்தான் என்று ஒரு சிரிப்பு. வாய்விட்டுச் சிரித்தான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

பிறகு கோபம் வந்தது.

அப்படியென்றால் பதினோரு வருஷமும் அவன் பார்த்தது என்ன? ஊர் பார்த்தது என்ன?

பீடத்தைச் சுற்றி வந்தான். பின்பக்கம், காற்று படாத பொந்தில், ஒரு தோல் பை இருந்தது. தண்ணீர் பிடிக்கும் பை. பக்கத்தில் உள்ளங்கை அகலத்தில் ஒரு மரப்பலகை. பிடித்துப் பிடித்துத் தேய்ந்திருந்தது.

பீடத்து அடியில், பாறையில், இரண்டு குழிகள். அருகருகே இருந்தன. ஒவ்வொன்றும் ஒரு முழங்கால் அளவு.

பாறையில் அவ்வளவு குழி விழ வேண்டுமென்றால் ஒரு ஆள் மண்டியிட்டால் போதாது. அப்பா, அத்தை, அதற்கும் முன்னால் எத்தனை பேரோ.

"ஏமாற்று வேலை!" என்று கத்தினான். காற்றில் அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை.

*

இறங்கிப்போய் அவளை நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று திரும்பினான்.

கீழே, கடைசிப் பைன் மரத்துக்கும் கீழே, புகை தெரிந்தது. ஊர் கிளம்பிவிட்டது. மரத்தடியில் தங்கிவிட்டு நாளைக் காலையில் ஏறுவார்கள்.

ஒரு கூடையை நான்கு பேர் தூக்கி வருவது எறும்புபோலத் தெரிந்தது. கூடைக்குள் யார் என்று அவனுக்குத் தெரியும். வலை பின்னும் லிதே. கண் போய்விட்டது. காலும் போய்க்கொண்டிருந்தது. மகனைக் கடல் கொண்டுபோன பிறகு அவளுக்கு இந்த ஒரு நாள்தான் வருஷம் முழுவதற்கும்.

போன வருஷம் பாதையோரப் பாறையில் தேன் தண்ணீரைக் குடிக்காமல் அவள் அழுதாள்.

"என்ன எழுதினீர்கள், அம்மா?" என்று அவன் கேட்டிருந்தான்.

"மீன் போட்டேன், ஐயா. என் பிள்ளைக்காக. கண் வைக்க மறந்துவிட்டேன். இவ்வளவு தூரம் வந்து, கண் வைக்க மறந்துவிட்டேனே!"

ஆர்க்கியாஸ் சரிவில் அப்படியே நின்றான்.

"லிதே?" என்று கேட்டது மெனிப்பேயின் குரல். காதில் இல்லை, தலைக்குள்.

"மீன். வால் வலப்பக்கம். கண் இல்லை," என்றது அவன் வாய்.

"அவளுக்கு இடப்பக்கம்?"

"படகுத் தச்சன்."

"அவனுக்கு இடப்பக்கம்?"

அவனுக்குத் தெரிந்திருந்தது. அடுத்ததும் தெரிந்திருந்தது. அதற்கு அடுத்ததும். மலைமேல் ஒற்றை ஆளாக நின்றுகொண்டு நாற்பத்தொரு பேரையும் ஒரு சுற்று சொல்லி முடித்தான். ஒருவர்கூட விட்டுப்போகவில்லை.

பிறகு பாறையிடுக்கில் கிடந்த பனியைத் தோல் பையில் அள்ளினான்.

*

பனி உருகிய தண்ணீரைத் தெளித்து, ஈரச் சாம்பலைப் பலகையால் தட்டித் தட்டிச் சமமாக்கினான். குழிகளில் முழங்காலை வைத்தான். சரியாகப் பொருந்தியது.

காற்று எழுதவிடவில்லை. ஒரு எழுத்து எழுதினால் அடுத்ததை எழுதுவதற்குள் முதல் எழுத்தின் கரை உதிர்ந்தது. காய்ந்து இறுகும்வரை எதையாவது வைத்து மறைக்க வேண்டும்.

எதுவும் இல்லை. ஆர்க்கியாஸ் மேலாடையைக் கழற்றினான். இடக்கையில் சுற்றிப் பிடித்து, முழங்கையை மடக்கி, எழுத்துக்கும் காற்றுக்கும் நடுவில் கையை நிறுத்தினான்.

இருபத்து நான்கு வருஷத்துக்கு முன்னால் அந்தக் கை அப்படித்தான் நின்றிருக்க வேண்டும்.

குளிரில் கை மரத்துப்போனது. எடுக்கவில்லை. தோள் வலித்தது. எடுக்கவில்லை. ஒருவருக்குப் பிடித்து, காய்ந்ததும் அடுத்தவருக்கு நகர்ந்தான்.

பொழுது சாய்வதற்குள் நாற்பத்தொன்றும் முடிந்தது.

கடைசியில் கொஞ்சம் இடம் மிச்சம் இருந்தது. நிக்கேரத்தோஸின் இடம்.

விரலைக் கொண்டுபோனான். நிறுத்திக்கொண்டான்.

போன வருஷம் இதை எழுதியது யாருக்கும் தெரியாது. தெரியாததை யார் காப்பாற்ற முடியும்?

அந்த இடத்தை அப்படியே விட்டுவிட்டு எழுந்தான்.

*

காலையில் ஊர் ஏறி வந்தது. காற்றும் கூடவே ஏறி வந்தது. பெண்கள் முக்காட்டைப் பிடித்துக்கொண்டார்கள்.

"'மழை'!" என்று திராக்கோன் கத்தினான். "இதோ, என் கோணல் எழுத்து!"

"என் சக்கரம்!" என்றான் கொரிஸ்கோஸ். "ஐந்து ஆரம்! ஏண்டா ஐந்து போட்டோம் என்று வருஷம் முழுக்க என்னையே திட்டிக்கொண்டிருந்தேன்!"

சிரிப்பும் கூச்சலும் எழுந்தன.

ஆர்க்கியாஸ் லிதேயின் கூடையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவளை இறக்கி உட்காரவைத்தார்கள். கண் தெரியாதவள். விரலை நீட்டிச் சாம்பலைத் தடவினாள். வாலைத் தடவினாள். வயிற்றைத் தடவினாள். தலைக்கு வந்தாள். அங்கே மூன்று முறை தடவினாள்.

"கண் இல்லை," என்றாள்.

கூடை தூக்கியவர்கள் குனிந்து பார்த்தார்கள்.

"கண் இல்லை!" என்று அவள் கைகொட்டிச் சிரித்தாள். "நான் மறந்தது மறந்தபடியே இருக்கிறது! என் மீன்தான் இது! என் பிள்ளை இங்கேதான் இருக்கிறான்!"

உச்சி அதிர ஊர் ஆர்ப்பரித்தது. யாரோ குழல் ஊதினார்கள். ஒலிம்பஸ் மலையில் அன்று எழுந்த சத்தத்துக்குக் கடவுளர் தூங்கியிருந்தால் விழித்திருப்பார்கள்.

அந்த வருஷம் லிதே மீனுக்குக் கண் வைத்தாள். பெரிய கண்ணாகவே வைத்தாள்.

*

பலி முடிந்தது. புதுச் சாம்பல் பரப்பி, புதிதாக எழுதிவிட்டு, எல்லோரும் இறங்கினார்கள். ஆர்க்கியாஸ் மட்டும் கடைசியாக நின்றான். வழக்கம்போல் அதே பெயரை எழுதினான்.

பின்னால் திரும்பிப் பார்க்க மட்டும் மறந்துபோனான்.

இறங்கி வந்தபோது பாதையோரப் பாறையில், அவன் உட்காரும் இடத்தில், மெனிப்பே உட்கார்ந்திருந்தாள். கட்டுப் போட்ட காலை நீட்டியிருந்தாள். மடியில் தேன் தண்ணீர்ச் சட்டி. கோவேறு கழுதை குற்ற உணர்ச்சியே இல்லாமல் புல் மேய்ந்துகொண்டிருந்தது.

அவனுக்கு முன்னால் இறங்கியவர்கள் எல்லோரும் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

"அம்மா, மேலே காற்று அடிக்கிறது," என்றான்.

"அடிக்கும்."

"சாம்பலைத் தொடுகிறது."

"தொடும்."

"இத்தனை வருஷம் ஊரை ஏமாற்றினீர்களா?"

"நீர் இன்று யாரை ஏமாற்றினீர்?"

லிதேயின் முகம் அவன் கண்ணுக்குள் வந்தது. சிரித்துவிட்டான்.

"கடவுள் காப்பாற்றுகிறார் என்று ஊர் சொல்கிறது," என்றாள். "யாருடைய கையால் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். இந்தாரும், குடியும்."

வாங்கிக் குடித்தான். பாதி குடித்திருப்பான்.

"என்ன எழுதினீர்?" என்றாள்.

கிண்ணம் வாயிலேயே நின்றது.

பதினோரு வருஷமாக அந்தக் கேள்வியை அவன் நூற்றுக்கணக்கானவர்களிடம் கேட்டிருக்கிறான். அவனை யாரும் கேட்டதில்லை. கேட்கும் இடத்தில் எப்போதும் அவன்தான் உட்கார்ந்திருந்தான். யாராவது கேட்டிருந்தால் பொய் சொல்லியிருப்பான், அது வேறு விஷயம்.

"ஒரு பெயர்."

"யாருடைய பெயர்?"

ஓடிவிடலாம்போல இருந்தது. கால் தயாராகவும் இருந்தது.

ஓடவில்லை.

"நிக்கேரத்தோஸ்," என்றான். "போரில் எனக்கு இடப்பக்கம் நின்றவன். நான் கேடயத்தை எறிந்துவிட்டு ஓடினேன். அவன் செத்தான். அவன் அம்மா வந்து கேட்டபோது, 'நான் பார்க்கவில்லை' என்று சொன்னேன்."

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். வசவு வரும் என்று காத்திருந்தான். காறித் துப்பினாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தான்.

"எப்படி எழுதினீர்?" என்றாள் மெனிப்பே.

"என்ன?"

"எழுத்து பெரியதா, சிறியதா? நேராகவா, சாய்வாகவா?"

நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

"பெரியது," என்றான். "நேராக. முதல் எழுத்து மற்றதைவிட உயரம்."

"முதல் எழுத்து உயரம்," என்று அவள் தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். "சரி. கழுதையைப் பிடியும். இந்தத் தடவை நீர் முன்னால் நடவும்."

*

இலையுதிர்காலம் போய்ப் பனிக்காலம் வந்தது.

ஒரு மதியம் ஆர்க்கியாஸ் விறகு பிளந்துகொண்டிருந்தான். மெனிப்பே வெயிலில் உட்கார்ந்து காலை நீவிக்கொண்டிருந்தாள்.

"திராக்கோன்?"

"'மழை'தான், மறுபடியும். இன்னும் சாய்ந்துவிட்டது."

"கொரிஸ்கோஸ்?"

"சக்கரம். ஆறு ஆரம்."

"லிதே?"

"மீன். கண்ணோடு."

"படகுத் தச்சன்?"

"'கடல்'."

கோடரி ஏறி இறங்கியது. ஒவ்வொருவராக நாற்பத்தொன்றும் முடிந்தது. அவள் நிறுத்தவில்லை.

"உமக்கு இடப்பக்கம்?"

ஓங்கிய கோடரி ஒரு கணம் அப்படியே நின்று, பிறகு இறங்கியது.

கட்டை இரண்டாகப் பிளந்து விழ, ஆர்க்கியாஸ் மலையைப் பார்த்து நெஞ்சு நிமிர்த்திக் கத்தினான்.

"நிக்கேரத்தோஸ்!"

"காது கேட்கிறது ஓய்," என்றாள் மெனிப்பே. "முதல் எழுத்து?"

"உயரம்!"